இருபத்தாறு கத்தியும் ஒரு காய்ப்பும்

எங்க வீட்ல இருபத்தாறு கத்தி இருக்கு. வெங்காயம் நறுக்க ஒண்ணு கிடையாது.

சொன்னா நம்ப மாட்டீங்க, வந்து பாருங்க. வாசக்கதவைத் திறந்ததும் ஹால். எல்லார் வீட்லயும் டிவி இருக்கிற இடத்துல எங்க வீட்ல ஒரு கண்ணாடி பீரோ நிக்கும். உள்ள சிவப்பு வெல்வெட், மேல ரெண்டு டியூப் லைட், பக்கத்துல பூட்டு. டிவி பெட்ரூம்ல துணி பீரோ மேல ஏறி உக்காந்திருக்கு. அதைப் பாக்கணும்னா மல்லாந்து படுக்கணும், படுத்தா தூக்கம் வந்துடும். பதினெட்டு வருஷமா நான் ஒரு படத்தையும் முடிவு வரைக்கும் பாத்ததில்ல.

அந்த பீரோவுக்குச் சொந்தக்காரர் எங்க வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேலை. லென்ஸ்ல முடி அளவு கோடு இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணை வெச்சுக்கிட்டு அவர் ஆசையா பாக்குறது கத்தியை மட்டும்தான். அதுவும் மெஷின்ல வந்த கத்தி ஆகாது. உலையில இரும்பைக் காய்ச்சி, சம்மட்டி பிடிச்சு ஒருத்தர் கையால அடிச்சிருக்கணும். இருபத்தாறும் இருபத்தாறு பேர் அடிச்சது. ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளைத் துணி கிளவுஸ் மாட்டுவார், கண்ணுல பூதக்கண்ணாடியைச் செருகுவார், ஒவ்வொண்ணா வெளிய எடுத்து எண்ணெய் தொட்டுத் துடைப்பார். "இங்க வந்து பாரேன், இந்த ஆளு இடது கைக்காரன். சம்மட்டித் தழும்பு எப்படிச் சாஞ்சிருக்கு பாரு"ம்பார். அடுப்புல பால் பொங்கிக்கிட்டிருக்கும், எனக்கெங்க சம்மட்டித் தழும்பு.

ஒவ்வொரு கத்திக்குக் கீழயும் ஒரு சீட்டு வேற. அச்சடிச்ச மாதிரி கையெழுத்துல செய்தவர், இரும்பு, வயசு எல்லாம் எழுதி, கடைசி வரி மட்டும் சிவப்பு மையில: "உபயோகம்: இல்லை." இந்தக் கத்தி பிறந்ததுலருந்து ஒரு வெங்காயத்தைக்கூட வெட்டினதில்லன்னு அர்த்தம். அதுலதான் மதிப்பே இருக்காம். யாராவது வீட்டுக்கு வந்தா அந்த வரியைத்தான் முதல்ல காட்டுவார். பொண்ணு பத்தாவதுல முதல் மார்க் வாங்கினப்போகூட அந்த மூஞ்சியில அவ்வளவு பெருமையை நான் பாக்கல.

என்கிட்ட இருக்கிறது ஒரே கத்தி. கல்யாணத்துக்குக் குடுத்த பாத்திரத்தோட வந்தது. பேர் மொக்கை. பிடி உடைஞ்சு, அதுமேல கரன்ட் டேப் சுத்தி, அதுவும் பிஞ்சு, இப்போ சைக்கிள் டியூப் சுத்தியிருக்கேன். தக்காளியை வெட்டச் சொன்னா நசுக்கும். நான் வேலை பாக்குறது ஸ்கூல் கேன்டீன்ல. முந்நூத்தி நாப்பது பிள்ளைங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. தினம் எட்டுக் கிலோ வெங்காயம், ஆறு கிலோ கேரட். ஸ்கூல்ல குடுத்த கத்தி பிடி கழண்டு நாலு வருஷமாச்சு, எழுதிக் குடுத்திருக்கேன், வரும் வரும்ங்கறாங்க. அதனால மொக்கையைத் துண்டுல சுத்திப் பையில போட்டுக்கிட்டுப் போவேன், சாயங்காலம் திருப்பி எடுத்துக்கிட்டு வருவேன்.

புதுசா ஒண்ணு வாங்கினா என்னன்னு கேப்பீங்க. வாங்கினேனே! ரெண்டு தடவை வாங்கினேன், பிளாஸ்டிக் பிடி போட்ட கடைக் கத்தி. ரெண்டு தடவையும் அவர் அதைச் செத்த எலியைத் தூக்கற மாதிரி ரெண்டு விரலால தூக்கிக்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்தார். "நம்ம வீட்டுக்குள்ள மெஷின் கத்தியா? நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க? உனக்கு நல்லதா ஒண்ணு நானே பாத்து வாங்கித் தரேன், இரு."

இருன்னார், இருந்தேன். சரி, மொக்கையையாவது தீட்டிக் குடுங்கன்னா, "ஞாயித்துக்கிழமை"ம்பார். ஞாயித்துக்கிழமை அந்த இருபத்தாறு பேருக்கு எண்ணெய் தேய்ச்சு விடவே அவருக்குப் பொழுது சரியா இருக்கும்.

அந்த பீரோவுக்கு நட்ட நடுவுல ஓர் இடம் மட்டும் காலி. அது பட்டறைக்காரம்மா கத்திக்காக விட்டு வெச்ச இடம். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி பட்டறை வெச்சிருக்காங்க அந்தம்மா. கறிக்கடைக்காரருக்கும் ஓட்டல் சமையல்காரருக்கும்தான் கத்தி அடிச்சுக் குடுப்பாங்க. பீரோல வெக்கிறவங்க வந்து நின்னா, "உலை சூடு, தள்ளி நில்லுங்க"ன்னு அனுப்பிடுவாங்க. ஆனா வருஷத்துக்கு ஒரே ஒரு கத்தி, பிரசவ ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தர்ம ஏலத்துக்குக் குடுப்பாங்க. மூணு மாடி ஆஸ்பத்திரி, லிஃப்ட் கிடையாது. நிறைமாசத்துக்காரி படியேறணும். அந்த லிஃப்டுக்குத்தான் ஏலம், எங்க ஸ்கூல் ஹால்ல நடக்கும். நாலு வருஷமா இவர் கையைத் தூக்குவார், நாலு வருஷமா பல் டாக்டர் அதுக்கு மேல கேட்டுத் தட்டிக்கிட்டுப் போவார். பல் டாக்டரும் இதே பைத்தியம்தான். அவருக்கு ரெண்டு பீரோ.

இந்த வருஷம் நோட்டீஸ்ல கத்திக்குக் கீழ மட்டும் புதுசா ரெண்டு வரி இருந்துச்சு. "கத்தி பிடித்துக் கை காய்த்தவர்கள் மட்டும் கேட்கலாம். கையைப் பார்த்து நம்பர் தரப்படும். பிடி, எடுத்தவர் கைக்கு அளவெடுத்துப் போட்டுத் தரப்படும்."

விஷயம் என்னன்னா, பட்டறைக்காரம்மாவுக்குப் பல்வலி வந்திருக்கு. பல் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. காத்திருக்கிற ரூம்ல, கண்ணாடிக்குள்ள, அவங்க அடிச்ச நாலு கத்தியும் வரிசையா நிக்குது. கூர் மேல ஒரு கீறல் இல்ல. "நான் என்ன பொம்மையா செஞ்சு குடுத்தேன்?"னு கேட்டுட்டு, பல்லைக்கூடப் பிடுங்கிக்காம எழுந்து வந்துட்டாங்களாம்.

எங்க வீட்டுக்காரர் நோட்டீஸை மூணு தடவை படிச்சார். அப்புறம் தன் கையைத் திருப்பிப் பாத்தார். நாள் பூரா லென்ஸைத் தண்ணியில வெச்சுத் தேய்க்கிற கை. ஊறி ஊறிப் பஞ்சு மாதிரி இருக்கும். அன்னிக்குச் சாயங்காலம் சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னார்.

"இன்னியிலருந்து காய் நான் நறுக்கறேன்."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"ன்னு கேட்டேன்.

"ஏலத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. தினம் ரெண்டு மணி நேரம் பிடிச்சா கை காய்ச்சுடும். கணக்குப் போட்டுட்டேன்."

எனக்கா கசக்கும்? மொக்கையை எடுத்துக் கையில குடுத்துட்டேன்.

ஒரு வெங்காயத்துக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டார். கேரட்டை ஒரே கனத்துல வட்ட வட்டமா, லென்ஸ் மாதிரியே சீவினார். பீன்ஸுக்கு ஸ்கேல் வெச்சு அளந்தார். பொண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு, "அப்பா, இதைச் சாப்பிடணுமா, கண்ணுல மாட்டிக்கணுமா?"ன்னு கேட்டா. "போடி அந்தப் பக்கம்"னார். சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் ஆச்சு. ஆனா அவர் நறுக்குற ரெண்டு மணி நேரமும் நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. நாற்காலி போட்டு உக்காந்து டீ குடிச்சேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் உக்காந்து ஒரு டீயைச் சூடா குடிச்சது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள்தான் அதைக் கவனிச்சேன். மனுஷன் கிளவுஸ் போட்டுக்கிட்டு நறுக்கிக்கிட்டிருக்கார்! வெள்ளைத் துணி கிளவுஸ். அவர் வேணும்னு பண்ணல. பதினெட்டு வருஷமா கத்தின்னா கிளவுஸ், கிளவுஸ்னா கத்தி. கையில கத்தி வர்றதுக்கு முன்னாடியே கிளவுஸ் தானா ஏறிடுது. கிளவுஸ் போட்ட கை ஏழு ஜென்மம் நறுக்கினாலும் எங்கிருந்து காய்க்கும்?

சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். டீ சூடா இருந்துச்சு. மூடிக்கிட்டேன்.

பாவம்தான், எனக்கே தெரியுது. சாப்பிட்டு முடிச்சதும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஆள்காட்டி விரலைப் பாப்பார். "லேசாத் தடிச்சிருக்கு இல்ல?" நானும் குனிஞ்சு பாத்துட்டு, "அடேங்கப்பா, நல்லாவே தடிச்சிருக்கே"ம்பேன். முடி அளவு கோட்டைப் பிடிக்கிற கண்ணு, ஆசைன்னு வந்ததும் பவர் குறைஞ்சு போச்சு. மூணு வாரம் இதே கூத்து.

ஏலம் சனிக்கிழமை மத்தியானம். ஹாலுக்குப் பின்னாடி கேன்டீன்ல நூத்தம்பது பேருக்கு டீயும் சாண்ட்விச்சும் என் பொறுப்பு. மொக்கையை வெச்சு வெள்ளரிக்காயோட மல்லுக்கட்டி முடிச்சுட்டு, டிரேயில டீயை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனேன். வாசல்ல ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னாடி பட்டறைக்காரம்மா. குள்ளமான உருவம், முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட புள்ளி. முன்னாடி ஒரு வரிசை நிக்குது. அதுல எங்க வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார். சட்டைப் பையில நாலு வருஷமா சேத்த பணம் கவரோட புடைச்சுக்கிட்டிருக்கு.

கறிக்கடைக்காரர் கையை நீட்டினார். அந்தம்மா ஒரு தடவை தடவிப் பாத்துட்டு நம்பர் அட்டையைக் குடுத்தாங்க. ஓட்டல்காரருக்கும் அப்படியே. அடுத்தது பல் டாக்டர்.

"இது குறடு பிடிச்ச காய்ப்பு"ன்னாங்க. "பல்லு பிடுங்க ஏலம் வெச்சா சொல்லி அனுப்பறேன், வாங்க."

டாக்டர் முகம் செத்துப் போச்சு. வெளிய ஓடிப் போய் யாருக்கோ போன் போட்டார்.

எங்க வீட்டுக்காரர் தைரியமா கையை நீட்டினார். அந்தம்மா விரலை அழுத்தினாங்க, உள்ளங்கையைத் திருப்பினாங்க, மறுபடியும் அழுத்தினாங்க.

"குழந்தை கை மாதிரி இருக்கேங்க."

"மூணு வாரமா தினம் ரெண்டு மணி நேரம் நறுக்கறேம்மா! வேணும்னா எங்க வீட்ல கேட்டுப் பாருங்க."

"எப்படி நறுக்குனீங்க? காட்டுங்க பாப்போம்."

மேஜை மேல கிடந்த ஒரு கத்தியைக் காட்டினாங்க. இவர் என்ன பண்ணார்? வெகு சாதாரணமா பேன்ட் பையிலருந்து ரெண்டு வெள்ளை கிளவுஸை எடுத்து மாட்ட ஆரம்பிச்சார். பாதி விரல் ஏறினப்போதான் அவருக்கே உறைச்சுது. அப்படியே நின்னுட்டார். வரிசை மொத்தமும் சிரிக்குது. கறிக்கடைக்காரர் சுவரைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறார். இவர் மெதுவா என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"டீ ஆறுதுங்க"ன்னு சொல்லிட்டு, நான் டம்ளரை எடுத்து அந்தம்மாகிட்ட நீட்டினேன்.

அந்தம்மா டம்ளரை வாங்கல. என் கையைப் பிடிச்சாங்க. டம்ளரைத் தனியா எடுத்து மேஜைல வெச்சுட்டு, என் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாங்க. ஆள்காட்டி விரலுக்கு அடியில, கத்தியோட முதுகு அழுந்துற இடத்துல, எனக்கு ஒரு காய்ப்பு உண்டு. துவரம்பருப்பு அளவுல மஞ்சளா, கெட்டியா இருக்கும். குளிர் நாள்ல வெடிக்கும். அதை எல்லாம் யார் நின்னு பாக்குறா.

"நல்ல கத்தி பிடிச்ச கையில இவ்வளவு காய்ப்பு வராதும்மா"ன்னாங்க. "இது கூர் செத்த கத்தியை அழுத்தி அழுத்தி வந்தது. பல வருஷம் ஆயிருக்கும். ஏன், வீட்ல வேற கத்தியே இல்லையா?"

வரிசையில பாதிப் பேர் எங்க வீட்டுக்கு வந்து பீரோவைப் பாத்தவங்க. முதல்ல ஒருத்தர் களுக்குன்னு சிரிச்சார், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்புதான் வந்திருக்கணும். ஆனா எங்க வீட்டுக்காரர் சிரிக்கல. கிட்ட வந்து குனிஞ்சு என் விரலையே பாத்தார்.

"இது எப்ப வந்துச்சு?"ன்னு கேட்டார்.

அந்தக் கேள்வியில எனக்கு வந்த கோபத்துக்கு டிரேயைத் தூக்கித் தலையிலயே போட்டிருப்பேன். டீ வீணாயிடுமேன்னு விட்டேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. "பதினெட்டு வருஷமா இங்கதான் இருக்கு. நீங்கதான் பூதக்கண்ணாடி போட்டுப் பாக்குற ஆளாச்சே"ன்னேன்.

அந்தம்மா ஏழாம் நம்பர் அட்டையை என் கையில குடுத்தாங்க. நம்பர் வாங்கினவங்க ஏலத்துக்கு முன்னாடி கத்தியைப் பிடிச்சுப் பாக்கலாம். இன்னும் பிடி போடல, அடியில வெறும் துணி சுத்தியிருந்துச்சு. மேல பூரா கறுப்பு, கூர் ஓரத்துல மட்டும் ஒரு வெள்ளிக் கோடு. ஒரு தக்காளியைத் தள்ளி வெச்சு, "வெட்டிப் பாரு"ன்னாங்க. நான் பழக்கதோஷத்துல மொக்கையை அழுத்துற மாதிரி அழுத்தினேன், கத்தி தக்காளியைத் தாண்டிப் பலகையில போய் நின்னுடுச்சு. அடுத்த தடவை அழுத்தவே இல்ல, சும்மா இழுத்தேன். காகிதம் மாதிரி ஒரு வட்டம் சாஞ்சு விழுந்துச்சு. ஒரு சொட்டு சாறு வெளிய வரல.

அப்போ எனக்கு அது வேணும்னு தோணிடுச்சு. பீரோவுக்கு இல்ல, எனக்கு. வாழ்க்கையில நான் இது வேணும் அது வேணும்னு கேட்டு அடம் பிடிச்சதே கிடையாது. இதை விட்டா செத்துடுவேன் போல இருந்துச்சு. ஆனா என்ன பண்றது, நம்பர் என் கையில, பணம் அவர் பையில.

ஏலம் விட்டது எங்க டிரில் மாஸ்டர். சுத்தியல் கிடையாது, விசில்தான். மூணு தடவை ஊதினா முடிஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்தோம். எங்களுக்கு முன் வரிசையில ஒன்பதாம் நம்பர் அட்டையோட ஒரு பெரியம்மா. பல் டாக்டரோட மாமியாராம். போன் போட்டு, கார் அனுப்பி, வீட்லருந்து கூட்டிக்கிட்டு வந்திருக்கார். அவங்க கையைப் பாத்ததும் பட்டறைக்காரம்மா எழுந்து நின்னே அட்டையைக் குடுத்தாங்களாம்.

ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கறிக்கடைக்காரரும் ஓட்டல்காரரும் கழண்டுக்கிட்டாங்க. ஒன்பதாம் நம்பர் அட்டை மேல போச்சு. இவர் என் முழங்கையை இடிச்சார்.

"தூக்கு, தூக்கு!"

நான் தூக்கல. "வாங்கினா எங்க வெப்பீங்க?"

"இது என்ன கேள்வி? நடுவுல இடம் காலியா இருக்கே..."

டிரில் மாஸ்டர் ஒரு விசில் ஊதினார். நான் அட்டையை மடியில கவுத்து வெச்சேன்.

"ஐயோ, ஊதறான்! சரி, உனக்குத்தான், நீ எடுத்து உபயோகப்படுத்திக்கோ. விசேஷ நாள்ல."

நான் மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவது விசில்.

"சரி, சரி! தினமும்! தினமும் நறுக்கிக்கோ!"

அட்டையைத் தூக்கினேன். ஹால்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒன்பதாம் நம்பரும் தூக்குச்சு. இவர் நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, "ஞாயித்துக்கிழமை மட்டும் பீரோல வெச்சுக்கட்டுமா? ஒரே ஒரு நாள்"னு கெஞ்சறார்.

"ஞாயித்துக்கிழமை நாங்க சாப்பிடறதில்லையா?"

விசில்.

"சரி, ஞாயித்துக்கிழமையும் வேணாம்! கிளவுஸ் மேல சத்தியம்! தூக்கித் தொலை!"

தூக்கினேன். முன் வரிசைப் பெரியம்மா இதை எல்லாம் கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்திருக்காங்க. பக்கத்துல இருந்த மருமகன் பக்கம் திரும்பினாங்க.

"மாப்பிள்ளை, இதை நீங்க எங்க வெப்பீங்க?"

"ரெண்டாவது பீரோல, அத்தை. மேல் தட்டுல. ஸ்பெஷலா லைட் போட்டு..."

"நான் தொடலாமா?"

"ஐயையோ, தொடக்கூடாது அத்தை! கைரேகை பட்டா துருப்பிடிச்சுடும்!"

"அப்படியா"ன்னாங்க. அட்டையை நாற்காலியில வெச்சு, அது மேல ஏறி நல்லா அழுத்தி உக்காந்துட்டாங்க. "அத்தை, எந்திரிங்க! அத்தை!"ன்னு பல் டாக்டர் தவிக்கிறார். "எனக்கு முட்டி வலி மாப்பிள்ளை, சட்டுன்னு எந்திரிக்க வராது"ங்கறாங்க. டிரில் மாஸ்டர் ஒண்ணு ஊதினார், ரெண்டு ஊதினார், மூணாவதை ஃபுட்பால் மேட்ச் முடிஞ்ச மாதிரி நீட்டி ஊதினார். பெரியம்மா திரும்பி என்னைப் பாத்து, "டீ இருக்கா கண்ணு?"ன்னாங்க. அவங்களுக்கு ரெண்டு டம்ளர் குடுத்தேன்.

கவர் அவர் பையிலருந்து மேஜைக்குப் போச்சு. பட்டறைக்காரம்மா ஒரு களிமண் உருண்டையை என் கையில வெச்சு, "வெங்காயம் நறுக்கற மாதிரி பிடி"ன்னாங்க. பிடிச்சேன். விரலை எடுத்தா அஞ்சு பள்ளம், ஆள்காட்டி விரலுக்கு அடியில மட்டும் இன்னொரு சின்னக் குழி. எங்க வீட்டுக்காரர் அந்தக் குழியையே பாத்துக்கிட்டு நின்னார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் தன் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு வந்தார். பணம் போன வருத்தம்னு நினைச்சுக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சுக் கத்தி வந்துச்சு. கறுத்த மரப் பிடி. கையில எடுத்ததும் விரல் ஒவ்வொண்ணும் தன் இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போய் உக்காந்துச்சு. காய்ப்பு இருக்கிற இடத்துல மெத்துன்னு ஒரு பள்ளம், அங்க எதுவுமே அழுந்தல. கூடவே பேப்பர்ல சுத்தி அந்தக் களிமண் அச்சையும் அனுப்பியிருந்தாங்க, காஞ்சு கல்லாட்டம் இருந்துச்சு. "இதைக் குப்பையில போட்டுடுங்க"ன்னு அவர்கிட்ட குடுத்தேன். தலையாட்டிட்டு வாங்கிக்கிட்டுப் போனார்.

அன்னிக்குச் சாயங்காலம், "ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பாத்துட்டுத் தரேன்"னு கேட்டார். குடுத்தேன். எப்படி எப்படியோ திருப்பிப் பிடிச்சுப் பாத்தார். "என் கைக்கு ஆகலையே. கட்டை விரல் வலிக்குது"ன்னார். "மொக்கையைப் பிடிச்சாலும் அப்படித்தான் வலிக்கும். நீங்கதான் கிளவுஸ் போட்டிருந்தீங்களே"ன்னேன். கத்தியைப் பலகையில வெச்சுட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் குட்டி போட்ட பூனை மாதிரி சமையல்கட்டையே சுத்திச் சுத்தி வந்தார். தண்ணி குடிக்க வருவார், கத்தியைப் பாப்பார், போயிடுவார். இந்த மனுஷனை எத்தனை வருஷமா பாக்கறேன். ஏலத்துல விசில் சத்தத்துல குடுத்த வாக்கு எத்தனை நாள் தாங்கும்?

ஞாயித்துக்கிழமை காலையில வெங்காயத்தை உரிச்சு வெச்சுட்டுப் பலகைக்குக் கையை நீட்டினா, கத்தி இல்ல.

அலமாரியில பாத்தேன், கழுவற தொட்டியில பாத்தேன். மொக்கையைக்கூடக் காணோம். பொண்ணை எழுப்பிக் கேட்டேன், "எனக்கென்னம்மா தெரியும், அப்பாவைக் கேளு"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டா. அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. தினமும்னு சொன்னாரே, கிளவுஸ் மேல சத்தியம் பண்ணாரே! இன்னிக்கு அந்த பீரோ இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு ஹாலுக்குப் போனேன். பீரோ திறந்து கிடக்கு. சோஃபா மேல கிளவுஸ் ரெண்டும் சுருண்டு கிடக்கு. ஆளைக் காணோம்.

நடு இடத்துல ஏதோ இருந்துச்சு. கத்தி இல்ல. அந்தக் களிமண்.

வெல்வெட்டை வெட்டி, அதுக்குன்னே அளவா குழி பண்ணி, லைட் நேரா விழுற மாதிரி வெச்சிருக்கார். எண்ணெய் கிண்ணெய் தடவல, தூசி மட்டும் துடைச்சிருக்கார். அஞ்சு பள்ளமும், அந்தச் சின்னக் குழியும் நல்லாத் தெரியுது. கீழ வழக்கம் போல சீட்டு. அதே அச்சடிச்ச கையெழுத்து. "பொருள்: கைப்பிடி அச்சு. காய்ப்பு: ஆள்காட்டி விரல் அடி. வயசு: பதினெட்டு வருஷம்." கடைசி வரி சிவப்பு மையில: "உபயோகம்: தினமும்."

நான் அப்படியே சோஃபாவுல உக்காந்துட்டேன். பின்பக்கத்துலருந்து சர்ர், சர்ர்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல பனியனோட குத்துக்கால் போட்டு உக்காந்து, வெறுங்கையால, என் கத்தியைத் தீட்டிக்கிட்டிருக்கார். கட்டை விரல்ல ஒரு பிளாஸ்திரி. பக்கத்துல தண்ணிச் சட்டியில மொக்கை, சைக்கிள் டியூபோட, தன் முறைக்குக் காத்துக்கிட்டு கிடக்கு.

கூப்பிடல. திரும்பி வந்து சீட்டை இன்னொரு தடவை படிச்சேன். அப்போதான் கவனிச்சேன், முதல் வரியை மட்டும் எழுதாம விட்டிருக்கார். "செய்தவர்:"னு போட்டு, பக்கத்துல பேனாவால ரெண்டு மூணு தடவை குத்தின புள்ளி. அதுக்கு மேல அவருக்கு எழுத வரல போல.

பேனா அங்கயேதான் இருந்துச்சு. எடுத்து, "நீங்கதான்"னு எழுதி வெச்சேன். பீரோவை மூடாமலே சமையல்கட்டுக்குப் போய், வெங்காயத்துக்கு முன்னாடி உக்காந்து, கத்தி வரட்டும்னு காத்திருந்தேன்.